அடுப்பு வண்டியில் வரட்டும். நெருப்பு வெளியே இருக்கட்டும்!

பழவேற்காட்டு ஊரைக் கடந்து, ஏரியின் மேல் போட்ட பாலத்தையும் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் வங்கக் கடல். இரண்டுக்கும் நடுவே ஒரு மணல் திட்டு. அதன் மேல் கலங்கரை விளக்கம், மீனவர் வீடுகள், கரையில் ஏற்றி வைத்த படகுகள். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். விடியற்காலையில் புறப்பட்டால், வலையில் விழுந்த மீன் கரைக்கு வரும் வேளையில் நாமும் வந்து சேர்ந்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை உல்லாசப் பயணம் வருகிறவர்களின் வண்டியில் முன்பெல்லாம் புளியோதரைத் தூக்கும் தயிர்சாத அடுக்கும் இருக்கும். இன்று அவற்றோடு இன்னொரு சாமானும் ஏறிக்கொண்டிருக்கிறது. மடக்குக் கால், கம்பி வலை, கரித்தட்டு எல்லாம் சேர்ந்த ‘பார்பெக்யூ’ அடுப்பு. ஏரி மீனை வாங்கி, உப்பும் மிளகாயும் தடவி, கடற்கரையிலேயே சுட்டுச் சாப்பிட வேண்டும் என்று ஆசை. வீட்டில் காப்பிக்குக்கூட அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்க்காத ஆடவர்கள், இங்கே விசிறியும் கையுமாக அடுப்படியில் குந்தியிருக்கும் காட்சியைக் கண்டு இல்லத்தரசிகள் மகிழ்ந்து போகிறார்கள்!

ஆசையில் குற்றமில்லை. ஆனால் எந்த அடுப்பை வாங்குவது, அதை எங்கே வைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். முதல் விடை தவறினால் பணம் போகும். இரண்டாவது தவறினால் உயிரே போய்விடும்.

மூன்று கல் அடுப்பு முதல் கேரவன் வரை

பயணத்தில் சமைப்பது நமக்குப் புதிய பழக்கமல்ல. கூண்டு வண்டி கட்டிக்கொண்டு திருவிழாவுக்குப் போன நம் பாட்டனார் காலத்தில், சாலையோரத் தோப்பில் வண்டியை அவிழ்த்துவிட்டு, மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்கினார்கள். கல் அகப்படாத இடத்துக்கென்று குமுட்டி அடுப்பு வண்டியின் அடியில் தொங்கும். வனபோஜனம் என்று அதற்கு அழகான பெயரும் உண்டு.

‘பார்பெக்யூ’ என்ற சொல் மட்டுமே கடல் கடந்து வந்தது. மேற்கிந்தியத் தீவுகளின் பழங்குடி மக்கள் பச்சைக் கழிகளால் பரண் கட்டி, கீழே தீ மூட்டி, மேலே மீனையும் இறைச்சியையும் வாட்டினார்கள். அந்தப் பரணுக்கு அவர்கள் வழங்கிய பெயரை, 16-ஆம் நூற்றாண்டில் அங்கே போன ஸ்பானியர்கள் தங்கள் மொழியில் எடுத்துக்கொண்டார்கள். அது ஆங்கிலத்துக்குப் போய், உருமாறி, நம் ஊர்க் கடை வரைக்கும் வந்துவிட்டது. பொருள் என்னவோ நமக்குத் தெரிந்ததுதான். மெரினா கடற்கரையில் சோளக்கதிர் சுட்டு விற்பவரின் கரித்தட்டைப் பார்த்தவர்களுக்குப் ‘பார்பெக்யூ’வைப் பற்றி விளக்கவே வேண்டாம்.

கூண்டு வண்டியின் இடத்துக்கு இப்போது கேரவன் வந்திருக்கிறது. சினிமா நட்சத்திரங்களின் ஓய்வு வண்டியாக மட்டுமே தமிழ்நாட்டு மக்கள் அறிந்திருந்த இந்த நடமாடும் வீடு, சுற்றுலாப் பயணிகளுக்கும் வாடகைக்குக் கிடைக்கிறது. பக்கத்துக் கேரள அரசு 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் வகுத்தது. படுக்கை, குளிர்சாதனம், சிறு சமையலறை எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். அங்கேதான் அபாயமும் இருக்கிறது. கூண்டு வண்டிக்கு இரு பக்கமும் திறப்பு. காற்று தாராளமாகப் புகுந்து வெளியேறும். கேரவனோ கதவையும் ஜன்னலையும் இறுக மூடிக் குளிர்காற்றை அடைத்து வைக்கும் பெட்டி.

மூன்று துயரங்கள் சொல்லும் பாடம்

2023 ஆகஸ்டு 26. லக்னோவிலிருந்து தென்னாட்டு யாத்திரை வந்தவர்கள் தங்கியிருந்த தனி ரயில் பெட்டி மதுரை நிலையத்துக்கருகே நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பொழுது விடியும் நேரம். தடையை மீறி உள்ளே எடுத்து வந்திருந்த காஸ் சிலிண்டரால் தீப்பற்றியது. 9 பேர் மாண்டார்கள். அடுப்பையும் சிலிண்டரையும் ரயிலில் எடுத்துச் செல்வது குற்றம் என்று சட்டம் சொல்வது ஏன் என்று அன்று நாடே அறிந்துகொண்டது.

மறு ஆண்டு, 2024 ஆகஸ்டு. திருச்சியிலிருந்து கொடைக்கானலுக்கு நண்பர்கள் நால்வர் போனார்கள். கரி அடுப்பில் இறைச்சி சுட்டுச் சாப்பிட்டார்கள். பிறகு அடுப்பு இருந்த அறையிலேயே உறங்கினார்கள். காலையில் இருவர் எழுந்திருக்கவில்லை. தீ விபத்து எதுவும் நடக்கவில்லை. அணைந்துவிட்டதாக நினைத்த கரி, இரவு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நஞ்சைக் கக்கிக்கொண்டிருந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். அங்கே கரி அடுப்புகூட இல்லை. குளிர்சாதனத்துக்காக ஓடிய ஜெனரேட்டரின் புகை, தரையிலிருந்த துவாரத்தின் வழியே உள்ளே ஏறியிருக்கிறது என்று நிபுணர்கள் கண்டறிந்தார்கள்.

இந்தக் கடைசி இரண்டு சம்பவங்களிலும் கொன்றது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. அதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணைக் கரிக்கவும் செய்யாது. விறகுப் புகையாவது இருமலை உண்டாக்கி நம்மை வெளியே விரட்டும். நன்றாகக் கனிந்து, புகையே இல்லாமல் சிவந்திருக்கும் கரிதான் அதைவிட ஆபத்தானது. ‘புகை போய்விட்டது, இனிப் பயமில்லை’ என்று நினைத்து உள்ளே எடுத்து வருகிறோம். இரத்தத்தில் பிராணவாயு ஏறி உட்கார வேண்டிய இடத்தை, அதைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றுதலோடு இந்த வாயு பிடித்துக்கொள்கிறது. முதலில் தலைவலி, பிறகு மயக்கம். உறங்குகிறவனுக்கு அதுவும் தெரியாது.

ஆகையால் முதல் விதி இது: கரி அடுப்பு எவ்வளவு சிறிதானாலும் கேரவனுக்குள்ளோ, கூடாரத்துக்குள்ளோ, காருக்குள்ளோ எரியக்கூடாது. மழை வந்தாலும் சரி, குளிர் அடித்தாலும் சரி. ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தப்பான கணக்கு.

எந்த அடுப்பு நல்லது?

கடையில் பல தினுசு உண்டு. ஒவ்வொன்றின் குணத்தையும் பார்ப்போம்.

குமுட்டி அடுப்பு: வாளி போன்ற இரும்புக் கூடு, உள்ளே மண் பூச்சு, இடையில் சல்லடைத் தட்டு, அடியில் காற்று புகும் வாய். இதன் தத்துவம் எளிது. சூடான காற்று மேலே போகும்போது, அடிவாயிலிருந்து புதுக் காற்று ஏறும். சாம்பல் கீழே உதிரும். மண் பூச்சு சூட்டைக் காப்பதால் கரி குறைவாகவே செலவாகும். வாயைக் காற்று வரும் திசைக்கு நேரே திருப்பினால் விசிறியே வேண்டாம். எதிர்ப்புறம் திருப்பினால் தணல் அடங்கும். குறை என்னவென்றால் கனம் அதிகம். வண்டி குலுங்கினால் மண் பூச்சு வெடிக்கும். ஒரு வேளைக்கு இரண்டு மீனுக்கு மேல் வைக்க இடமில்லை. கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் இதைவிடச் சிக்கனமான அடுப்பு கிடைக்காது.

மடக்குத் தட்டு அடுப்பு: பெட்டி போல மடித்துப் படுக்கைக்கு அடியில் செருகிவிடலாம். நீளமாக இருப்பதால் கம்பியில் கோத்த இறாலுக்கும் நீட்டு மீனுக்கும் ஏற்றது. விலையும் குறைவு. ஆனால் மலிவுச் சரக்கில் தகடு காகிதம் போல மெல்லியதாக இருக்கும். நாலு தடவை தணல் போட்டால் நெளிந்துவிடும். திறந்த தட்டாகையால் கடற்காற்றில் பொறி பறக்கும்.

மூடி போட்ட உருண்டை அடுப்பு: இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. அமெரிக்காவில் சிகாகோ நகரப் பகுதியில் வெபர் பிரதர்ஸ் என்ற உலோகத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவருக்கு, தம் வீட்டுத் தோட்டத்தில் இறைச்சி சுடும்போதெல்லாம் காற்று பெரிய தொந்தரவாக இருந்தது. அவருடைய தொழிற்சாலையில் நீரில் மிதக்கவிடும் உலோக மிதவைகள் செய்தார்கள். 1952-இல் அவர் அப்படி ஒரு மிதவையைக் குறுக்கே வெட்டினார். கீழ்ப் பாதிக்குக் கால் வைத்தார். மேல் பாதியை மூடியாக்கினார். மாலுமிக்கு வழி காட்டும் மிதவை, அடுப்பாக மாறி உலகமெல்லாம் பரவியது! காற்று ஓயாத லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இந்த மூடி அடுப்பே மிகவும் பொருத்தம். பொறி வெளியே பறக்காது. மீன் நாலாபுறமும் ஒரே சீராக வேகும். மூடியில் உள்ள துவாரத்தைத் திறந்தும் மூடியும் தணலை ஏற்றலாம், இறக்கலாம். வேலை முடிந்ததும் துவாரங்களை எல்லாம் அடைத்தால் காற்றின்றிக் கரி அவிந்துவிடும். மிச்சக் கரி அடுத்த முறைக்கு உதவும். 14 அங்குல விட்டமுள்ள சிறிய அளவு நாலு பேர் கொண்ட குடும்பத்துக்குப் போதும்.

காஸ் அடுப்பு: பற்ற வைக்க ஒரு நொடி, அணைக்க ஒரு நொடி, சாம்பல் இல்லை. வீட்டு 14.2 கிலோ சிலிண்டரைப் பயணத்தில் தூக்கி வருவது வேண்டாத வேலை. 5 கிலோ சிறு சிலிண்டர் கடைகளில் கிடைக்கிறது. நினைவில் வைக்க வேண்டிய விஷயம், இந்தக் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. வண்டியின் தரையில் தண்ணீர் போலத் தேங்கி நிற்கும். ஆகவே சிலிண்டரின் இடம் வண்டிக்கு வெளியே, நிழலில், நிமிர்ந்த நிலையில்.

சிறு டப்பா காஸ் அடுப்பு: கைப்பெட்டி போன்ற அடுப்பில், சுமார் 220 கிராம் காஸ் அடைத்த தகர டப்பாவைச் செருகுவார்கள். தேநீருக்கும் தோசைக்கும் சௌகரியம். ஆனால் அடுப்பைவிட அகலமான இரும்புத் தட்டை இதன் மேல் வைக்கவே கூடாது. தட்டின் சூடு பக்கத்திலிருக்கும் டப்பாவின் மேல் இறங்கி, உள்ளே அழுத்தம் ஏறி, டப்பா வெடிக்கும். வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் உபரி டப்பாக்களை வைத்துவிட்டுக் குளிக்கப் போவதும் அதே ஆபத்து.

மண்ணெண்ணெய் ஸ்டவ்: 1892-இல் ஸ்வீடன் நாட்டு லிண்ட்குவிஸ்ட் செய்த காற்றழுத்த ஸ்டவ், நம் வீடுகளில் நெடுங்காலம் இரைந்துகொண்டிருந்தது. குழம்பு கொதிக்க வைக்கச் சரி. அதன் மேல் கம்பி வலை வைத்து மீன் சுட்டால் மண்ணெண்ணெய் வாடைதான் மிஞ்சும்.

மின்சார அடுப்பு: புகையில்லை, நஞ்சுமில்லை. ஆனால் 1,500 வாட் இழுக்கும் அடுப்புக்கு, 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி முழுதாக ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. வெளி மின்சாரம் கிடைக்கும் முகாமில் மட்டுமே இது பயன்படும்.

கடையில் நின்று கவனிக்க வேண்டியவை

வர்ணத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் அடுப்பைக் கையில் தூக்கிப் பாருங்கள். ஒருவர் தனியாக மணலில் நூறு அடி தூக்கிச் செல்ல முடியாத அடுப்பு, கேரவன் வாசலிலேயே நின்றுவிடும். அங்கே நிற்கக்கூடாது என்பதுதானே நம் கட்சி!

அடுத்தபடி கால்கள். மெல்லிய கம்பிக் கால் மணலில் ஒரு பக்கமாகப் புதைந்து அடுப்பைச் சாய்த்துவிடும். அகலப் பாதம் உள்ளதாகப் பாருங்கள். இல்லையேல் ஒரு பலகையும் அதன் மேல் இரண்டு செங்கல்லும் வண்டியில் இருக்கட்டும். தட்டுக்கும் தரைக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும்.

மூன்றாவது, உலோகம். உப்புக் காற்று இரும்பைத் தின்றுவிடும். துருப்பிடிக்காத எஃகில் செய்த கம்பி வலையும், எனாமல் பூசிய கூடும் நெடுநாள் உழைக்கும். சாதா இரும்பு வாங்கினால் ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவி வைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய கம்பி வலையை வாங்கி அடுப்பின் மேல் போடுவது தவறு. கடும் சூட்டில் அந்தப் பூச்சு நச்சுப் புகையாகும்.

நான்காவது, சாம்பல் தட்டு. அடியில் மூடிய சாம்பல் தட்டு இல்லாத அடுப்பை, விலை பாதியானாலும் வாங்காதீர்கள். ஏன் என்பது கடற்கரைக்கு வந்ததும் விளங்கும்.

எந்தக் கரி?

அடுப்பு நல்லதாக இருந்தும் கரி மட்டமானால் பயனில்லை. சீமைக் கருவேலங்கரி தமிழ்நாட்டில் தாராளம். இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் அந்த முள்மரம் பயிர் நிலத்தைக் கெடுத்தாலும் கரி மூட்டத் தொழிலுக்குச் சோறு போடுகிறது. அந்தக் கரி கெட்டியானது. நெடுநேரம் கனிந்து நிற்கும். தேங்காய் ஓட்டுக் கரி நல்ல சூடு கொடுக்கும். சவுக்குக் கரி விரைவில் பற்றும், விரைவில் தீரும். கொஞ்சம் சவுக்குக் கரியால் பற்ற வைத்து, கருவேலங்கரியைச் சேர்ப்பது சரியான வழி. குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு ஒரு கிலோ, மிஞ்சினால் ஒன்றரை கிலோ போதும்.

பெட்ரோல் ஊற்றிப் பற்ற வைப்பது அசட்டுத் துணிச்சல். ஒரு துண்டுத் தேங்காய் நாரும் இரண்டு காகிதமும் இருந்தால் போதாதா? கரியின் மேல் வெள்ளை நீறு பூக்கும்வரை இருபது, முப்பது நிமிஷம் பொறுத்திருங்கள். அதற்குமுன் மீனை வைத்தால் வெளியே கருகும். உள்ளே பச்சையாக இருக்கும்.

காற்றையும் வலையையும் பாருங்கள்

லைட்ஹவுஸ் குப்பத்தின் மணல், பயணிகளுக்குப் பொழுதுபோக்கும் இடம். மீனவர்களுக்கோ அதுதான் பட்டறை, களஞ்சியம், முற்றம் எல்லாம். அங்கே காயும் வலை நைலான். சுமார் 220 டிகிரிச் சூட்டில் உருகிவிடும் நூல் அது. ஒரே ஒரு பொறி விழுந்தால் பற்றி எரிய வேண்டும் என்பதில்லை. கண்ணி உருகி ஓட்டை விழுந்தாலே போதும், அந்த வலை அன்றைக்குக் கடலுக்குப் போகாது. வலையின் சொந்தக்காரருக்கு ஒரு நாள் கூலி, பயணிக்கு ஒரு வேளைச் சிற்றுண்டியின் விலையாகப் போய்விடும். கரையேற்றிய படகுகளும் பழைய மரப் படகுகள் அல்ல. பெரும்பாலும் கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்துச் செய்தவை. தீப்பிடித்தால் நிற்காது. பக்கத்திலேயே எஞ்சினுக்கான எண்ணெய்க் கேன்கள் இருக்கும். சற்றுத் தள்ளி ஓலைக் கொட்டகைகள்.

ஆகவே அடுப்பை இறக்குமுன் காற்றைப் பாருங்கள். கோடையில் பெரும்பாலும் காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசும். வெயில் ஏறி மணல் காய்ந்தபின், நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புறப்பட்டு ஊரை நோக்கித் திரும்பும். காலையில் கடலுக்குப் போன பொறி, மத்தியானத்தில் குடிசைக்குப் போகும். காலை பத்து மணிக்குப் பத்திரமாக இருந்த இடம், ஒரு மணிக்குப் பத்திரமல்ல. பொறி போகும் திசையில் வலையோ படகோ வீடோ இல்லாத இடமாகத் தேடுங்கள். வண்டியிலிருந்தும் பத்துப் பதினைந்தடி தள்ளியே இருக்கட்டும். எதற்கும் அங்கே இருக்கும் மீனவர் ஒருவரிடம், ‘ஐயா, இங்கே அடுப்பு மூட்டலாமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மரியாதைக்கு மரியாதை, காற்று எப்போது திரும்பும் என்ற செய்தியும் இனாமாகக் கிடைக்கும்.

மற்றொன்று: ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையோரங்களில் ஆமைகள் இரவில் ஏறி வந்து மணலில் முட்டையிடும் காலம். அந்த மாதங்களில் இரவு நேரத் தீயும் விளக்கும் கடற்கரையில் வேண்டாம்.

அடுப்புக்கு ஏற்ற மீன்

பழவேற்காட்டில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஏரியும் கடலும் கலக்கும் உவர்நீரில் வளர்ந்த மடவை, கொடுவா, இறால், நண்டு எல்லாம் சந்தைக்கு வரும். சுடுவதற்கு முதலிடம் மடவைக்கு. அதில் கொழுப்பு உண்டு. தணலில் காய்ந்து போகாது. குடலை நீக்கி, செதிலை அப்படியே விட்டு, உப்புத் தடவிச் சுட்டால் செதிலே கவசமாக நின்று சதையைக் காக்கும். வெந்தபின் தோலோடு உரிந்து வந்துவிடும். கொடுவாத் துண்டுகளை மிளகு, மஞ்சள், எலுமிச்சைச் சாறு தடவி வாழையிலையில் பொட்டலம் கட்டி வைக்கலாம். நண்டைக் கம்பி வலையில் வைப்பதைவிடக் குழம்புச் சட்டிக்கு விட்டுவிடுவது உத்தமம். மீனைப் புரட்ட இரட்டைக் கம்பிச் சட்டம் ஒன்று வாங்கிக்கொண்டால், பாதி மீன் வலையிலும் பாதி மீன் தணலிலுமாகப் போகிற நஷ்டம் இல்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலம். அப்போது சிறு படகுகளின் மீன் மட்டுமே வரும்; விலை கூடுதலாக இருந்தால் முகம் சுளிக்க வேண்டாம்.

கடைசி வேலை

சாப்பாடு முடிந்ததும் பலர் செய்யும் தவறு, தணலை மணலில் கொட்டிக் காலால் மூடுவது. மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மணலோ சூட்டை வெளியே விடாமல் காத்து வைக்கும் போர்வை. உள்ளே தணல் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். மாலையில் செருப்பில்லாமல் ஓடிவரும் குப்பத்துக் குழந்தையின் பாதம் அதில் பதிந்தால்? அடியில் மூடிய சாம்பல் தட்டு வேண்டும் என்றது இதற்காகத்தான்.

தணலின் மேல் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடியும் ஊற்றுங்கள். சீறும் சத்தம் நின்றபின் புறங்கையை அருகே கொண்டுபோய்ச் சூடு இல்லையென்று நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். மூடி அடுப்பானால் துவாரங்களை அடைத்து, முழுக்க ஆறும்வரை காத்திருங்கள். ஆறாத அடுப்பை, ‘போகிற வழியில் ஆறிவிடும்’ என்று வண்டிக்குள் ஏற்றாதீர்கள். கொடைக்கானலில் இருவர் உயிரைக் குடித்தது எரிகிற அடுப்பல்ல. ஓய்ந்துவிட்டதாக நம்பப்பட்ட அடுப்பு. ஈரச் சாம்பலைத் தகர டப்பாவில் போட்டு மூடி, ஊருக்குக் கொண்டுபோய்ச் செடிக்குப் போடலாம்.

நாலு பேர் குடும்பத்துக்கு, மூடியும் சாம்பல் தட்டும் அகலப் பாதமும் உள்ள சிறிய கரி அடுப்பு ஒன்று. ஒன்றரை கிலோ கருவேலங்கரி. ஒரு வாளித் தண்ணீர். இவை மூன்றும் வண்டியில் இருந்தால் லைட்ஹவுஸ் குப்பத்துக்குத் தாராளமாகப் புறப்படலாம். வாளியை மறந்துவிட்டால், அடுப்பையும் இறக்க வேண்டாம்.